அரசியல் காரணமாக நாட்டை விட்டுப் போகலாமா: முடிவெடுக்க ஒரு வழிமுறை

ஒரு தேர்தல் முடிவோ, புதிய சட்டமோ, கைதுச் செய்தியோ வந்த இரவில் "இனி இந்த நாட்டில் இருக்க முடியாது" என்று பலரும் சொல்லிக்கொள்கிறார்கள். அவர்களில் சிலருக்கு அது உண்மையாகவே உயிர்ப் பிரச்சினை. சிலருக்குத் தொழிலும் பிள்ளைகளின் எதிர்காலமும் சிறிது சிறிதாக நெருக்கப்படுவதன் வேதனை. மற்றவர்களுக்குத் தாங்கள் நம்பியிருந்த நாடு வேறொன்றாக மாறிவிட்டதே என்ற மனக்கசப்பு. மூன்றுமே மதிக்கத் தக்க உணர்வுகள்தாம்; ஆனால் மூன்றுக்கும் ஒரே விடையும் இல்லை, ஒரே அவசரமும் இல்லை. முதல் வகையினருக்கு, அதாவது தம் பெயரில் வழக்கோ மிரட்டலோ இருப்பவர்களுக்கும், உடன் பணியாற்றியவர்கள் ஏற்கெனவே கைதானவர்களுக்கும், நிதானமாக எடைபோடும் காலம் கடந்துவிட்டது. அவர்கள் ஒரு வழக்கறிஞரையும் மனித உரிமை அமைப்பையும் உடனே அணுகி, முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட்டு மற்றதைப் பிறகு யோசிப்பதே சரி. இங்கே எழுதுவது பெரும்பாலும் மற்ற இரு வகையினருக்காக. ஆயத்தம் செய்வதையும் முடிவெடுப்பதையும் இரண்டு தனி வேலைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள் என்பதே நான் அவர்களிடம் வலியுறுத்த விரும்புவது. ஆயத்தத்தை இன்றே தொடங்கலாம். முடிவைப் பதற்றம் இல்லாத நாளில் எடுக்கலாம்.

செய்தியில் நடப்பதும் உங்களுக்கு நடப்பதும்

ஒரு தாளை எடுத்து, கடந்த இரண்டு ஆண்டுகளில் அரசியல் மாற்றத்தால் உங்கள் சொந்த வாழ்க்கையில் என்னென்ன மாறின என்று எழுதுங்கள். வேலை, வழிபாடு, திருமண உரிமை, பிள்ளைகளின் பாடத்திட்டம், மருத்துவம், நிலவுரிமை, பேசும் மொழி, பொது இடத்தில் வாய்திறக்கும் துணிவு என ஒவ்வொன்றையும் தனித்தனியே பாருங்கள். எழுதத் தொடங்கியதும் பலருக்கு இரண்டு உண்மைகளில் ஒன்று தெரியவரும். நாள்தோறும் மணிக்கணக்கில் செய்தி பார்ப்பதால் நெஞ்சு பதறுகிறதே தவிர, வாழ்க்கையில் கைவைக்கும் அளவுக்கு இன்னும் எதுவும் நடக்கவில்லை என்பது ஒன்று. தங்களுக்குத் தெரியாமலேயே பல விஷயங்களை விட்டுக்கொடுத்துப் பழகிவிட்டோம் என்பது மற்றொன்று. இரண்டாவதைக் கண்டுகொள்வது கடினம், ஏனென்றால் ஒவ்வொரு விட்டுக்கொடுப்பும் தனியாகப் பார்த்தால் சிறியது.

அடுத்து, உங்களைவிட ஒரு படி முன்னால் நிற்பவர்களைக் கவனியுங்கள். நீங்கள் பள்ளி ஆசிரியர் என்றால் பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கு என்ன நேர்ந்தது? நீங்கள் ஒரு சிறுபான்மைக் குழுவைச் சேர்ந்தவர் என்றால், அதே குழுவில் உங்களைவிட ஏழையாகவும் செல்வாக்கற்றவராகவும் இருப்பவர்களுக்கு என்ன நேர்ந்தது? அரசின் அழுத்தம் வழக்கமாக எதிர்க்க வலுவில்லாதவர்களிடமும் ஓங்கிப் பேசுபவர்களிடமும் முதலில் வரும். நடுவில் இருப்பவர்களை அது பின்னர் எட்டும். சட்டப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், அது யார்மீது, எவ்வளவு அடிக்கடி பாய்கிறது, உங்களைப் போன்ற ஒருவரைத் தாக்கியவர் தண்டிக்கப்படுகிறாரா தப்பிவிடுகிறாரா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எல்லைக் குறிகளை முன்கூட்டியே எழுதுதல்

பிடிக்காத கட்சி வெற்றி பெறுவது ஒன்று, அந்தக் கட்சியை இனித் தோற்கடிக்கவே முடியாமல் போவது வேறொன்று. முதலாவது மக்களாட்சியின் இயல்பு. இரண்டாவது நடக்கிறதா என்பதை அறிய, தோற்றவர்கள் அடுத்த தேர்தலில் தடையின்றிப் போட்டியிட முடிகிறதா, அரசுக்கு எதிரான தீர்ப்பை அரசு நிறைவேற்றுகிறதா, தேர்தல்கள் உரிய காலத்தில் நடக்கின்றனவா, ஊடக உரிமங்கள் பறிக்கப்படுகின்றனவா என்று கேட்டுப் பாருங்கள். ஃபிரீடம் ஹவுஸ் என்ற அமெரிக்க அமைப்பு அரசியல் உரிமைகளையும் குடிமைச் சுதந்திரங்களையும் கொண்டு 1970களிலிருந்தும், எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பு ஊடகச் சுதந்திரத்தைக் கொண்டு 2002லிருந்தும் நாடுகளைத் தரப்படுத்தி வருகின்றன. ஓராண்டின் இடத்தைப் பார்ப்பதைவிடப் பத்தாண்டுப் போக்கைப் பார்ப்பது பயன் தரும். ஆனாலும் அந்த எண்கள் நாட்டைப் பற்றியவை, உங்களைப் பற்றியவை அல்ல.

இந்தக் கேள்விகளிலிருந்து மூன்று அல்லது நான்கு குறிகளைத் தேர்ந்து, "இது நடந்தால் நாங்கள் புறப்படுவோம்" என்று தேதியிட்டு எழுதி வையுங்கள். மனிதர்கள் படிப்படியாக வரும் கேட்டுக்குத் தம்மைப் பழக்கிக்கொள்கிறார்கள். நேற்றுப் பொறுக்க முடியாததாக இருந்தது இன்று இயல்பாகிவிடுகிறது. தெளிந்த மனத்தோடு ஒரு காலத்தில் எழுதிய குறி அந்தப் பழக்கத்துக்கு எதிரான காவல். அதே தாள் உங்களை அவசரத்திலிருந்தும் காக்கும்: குறி எதுவும் தாண்டப்படவில்லை என்றால், இன்றைய கோபம் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் அது புறப்படும் நாள் அல்ல.

குறிகளில் ஒரு வகைக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக எடை தர வேண்டும்: வெளியேறும் வழியையே அடைக்கும் மாற்றங்கள். ஜெர்மனியில் 1931ஆம் ஆண்டு, நாஜிகள் ஆட்சிக்கு வருவதற்கு முன்பே, மூலதனம் வெளியே போவதைத் தடுக்க ஒரு வெளியேற்ற வரி கொண்டுவரப்பட்டது. பின்னர் அதே வரி, தப்பிச் செல்ல முயன்ற யூதர்களின் சொத்தில் கால் பங்கைப் பறிக்கும் கருவியானது. 1938 ஜூலையில் பிரான்ஸின் எவியான் நகரில் 32 நாடுகள் கூடி அகதிகளைப் பற்றிப் பேசின. அனுதாபம் பேசியவர்கள் பலர், கதவைத் திறந்தவர்கள் மிகச் சிலர். எல்லோருக்கும் வெளியேற வேண்டிய தேவை வரும்போது ஏற்றுக்கொள்ளும் நாடுகளின் கதவுகளும் குறுகுகின்றன என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று தேவையில்லை. 1961 ஆகஸ்ட் 13 அன்று பெர்லின் மக்கள் கண்விழித்தபோது, கிழக்கு பெர்லினுக்கும் மேற்கு பெர்லினுக்கும் இடையே முந்தைய நாள்வரை நடந்தே கடந்த எல்லை முள்வேலியால் மூடப்பட்டிருந்தது. துருக்கியில் 2016 ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சிக்குப் பிறகு, பணிநீக்கம் செய்யப்பட்ட ஆயிரக்கணக்கான அரசு ஊழியர்களின் கடவுச்சீட்டுகள் செல்லாதவையாக்கப்பட்டன. ரஷ்யா 2022 செப்டம்பர் 21 அன்று படைக்கு ஆள்திரட்டலை அறிவித்தது. அம்மாத இறுதியிலேயே பின்லாந்து ரஷ்யச் சுற்றுலாப் பயணிகளுக்குத் தன் எல்லையை மூடிவிட்டது. ஆகவே அயல்நாணயக் கட்டுப்பாடு, கடவுச்சீட்டு மறுப்பு, குறிப்பிட்ட தொழிலினருக்குப் பயணத் தடை, குடியுரிமைச் சட்டத் திருத்தம் ஆகியவற்றில் எது வந்தாலும் அதைச் சாதாரணச் செய்தியாகக் கடந்துபோகாதீர்கள்.

நிலைமை மாறிவிடும் என்று காத்திருப்பவர்கள் எப்போதும் தவறு செய்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிலி நாட்டில் 1973இல் தொடங்கிய இராணுவ ஆட்சி, 1988 பொது வாக்கெடுப்பில் தோற்று, 1990இல் பதவி விலகியது. வெளியேறிய பலர் திரும்பி வந்தார்கள். ஆனால் 17 ஆண்டுகள் என்பது ஒரு மனிதனின் உழைக்கும் வயதில் பாதி. நாடு ஒருநாள் மீளும் என்பதும், உங்கள் வாழ்நாள் கணக்குக்குள் மீளும் என்பதும் வெவ்வேறு.

முடிவெடுக்காமலே செய்யக்கூடிய ஆயத்தம்

குடும்பத்தில் குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு இருக்க வேண்டும். பல நாடுகள் பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியைக் கேட்கின்றன. பிறப்பு, திருமணம், மணமுறிவு, பட்டம், மதிப்பெண், பணி அனுபவம், தடுப்பூசி ஆகியவற்றின் சான்றுகளை மூலப் பிரதியாகப் பெற்று, எல்லாவற்றிலும் பெயரின் எழுத்துகள் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். பெயர் வேறுபாட்டைத் திருத்துவது சாதாரணக் காலத்திலேயே மாதக்கணக்கில் இழுக்கும். அந்த ஆவணங்களுக்கு, 1961 ஹேக் உடன்படிக்கையின்படி 120க்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்கும் அப்போஸ்டில் சான்றையும் (ஆவணத்தின் கையொப்பமும் முத்திரையும் உண்மையானவை என்று உறுதிசெய்வது) பெற்றுவிடுங்கள்.

இதை ஏன் உள்நாட்டில் இருக்கும்போதே செய்ய வேண்டும் என்பதற்கு பெலாரஸ் விடை தருகிறது. 2023 செப்டம்பரில் வந்த ஓர் ஆணை, வெளிநாடுகளிலுள்ள பெலாரஸ் தூதரகங்கள் தம் குடிமக்களுக்குக் கடவுச்சீட்டு வழங்குவதையும் புதுப்பிப்பதையும் நிறுத்தியது. வெளியே எழுதிய பவர் பத்திரத்தைக் கொண்டு ஊரிலுள்ள சொத்தை விற்கவும் தடை வந்தது. புறப்பட்டு விட்டவர்களையும் அரசின் கை எட்டும்.

சட்டம் அனுமதிக்கும் அளவில் ஆறு மாதச் செலவுக்கான பணத்தை எளிதில் எடுக்கக்கூடிய வடிவில் வைத்திருப்பதும், போக நினைக்கும் நாட்டின் மொழியைக் கற்கத் தொடங்குவதும் இதில் அடங்கும். ஐஇஎல்டிஎஸ் போன்ற ஆங்கிலத் திறன் தேர்வு முடிவுகள் இரண்டு ஆண்டுகளுக்கே ஏற்கப்படுவதால், தேர்வை மட்டும் தள்ளிப்போடலாம், படிப்பைத் தள்ளிப்போட வேண்டாம். கடைசியில் போகவே இல்லை என்றாலும் இவற்றில் எதுவும் வீணாகாது.

உங்களுக்குத் திறந்திருக்கும் கதவு எது

தம் நாட்டை விட்டு வெளியேறவும் அதற்குத் திரும்பவும் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்று 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 13ஆம் பிரிவு கூறுகிறது. வேறொரு நாடு உங்களை ஏற்றே ஆக வேண்டும் என்று அது கூறவில்லை. வேலை, படிப்பு, உறவு, முன்னோர் வழி, தஞ்சம் என்பவையே பெரும்பாலோருக்கு உள்ள வழிகள்.

தஞ்சத்தைப் பற்றித் தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. 1951 அகதிகள் உடன்படிக்கையின்படி, இனம், மதம், நாட்டினம், குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகிய ஐந்தில் ஒன்றின் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்ற நன்கு ஆதாரமுள்ள அச்சம் வேண்டும். விண்ணப்பிப்பவர் தம் நாட்டுக்கு வெளியே இருக்கவும் வேண்டும். ஆட்சியின்மீது வெறுப்பு, நாடு போகும் திசை குறித்த கவலை, பொருளாதாரச் சரிவு ஆகியவை மட்டும் போதா. உண்மையான ஆபத்து இருப்பவர்கள் மிரட்டல் கடிதம், அழைப்பாணை, மருத்துவச் சான்று போன்றவற்றைப் பாதுகாப்பாகத் திரட்டி வைக்க வேண்டும்.

மற்ற வழிகளில் வயது பெரிய காரணி. திறன் பெற்ற தொழிலாளர்களை மதிப்பெண் கொண்டு தேர்ந்தெடுக்கும் கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் 20 முதல் 29 வயதுவரை முழு மதிப்பெண். 30 முதல் அது குறைந்து, 45இல் வயதுக்கான மதிப்பெண்ணே இல்லாமல் போகிறது. ஆஸ்திரேலியாவின் மதிப்பெண் அடிப்படையிலான திறன் விசாக்களுக்கு அழைப்பு வரும்போது 45 வயதுக்குள் இருக்க வேண்டும். எனவே நாற்பதைத் தொட்டவர் "இன்னும் ஐந்தாண்டு பார்ப்போம்" என்று சொல்வது, தாம் அறியாமலே "போக மாட்டேன்" என்று சொல்வதற்கு நிகராகலாம். மருத்துவர், செவிலியர், வழக்கறிஞர் போன்றோர் புதிய நாட்டில் மீண்டும் உரிமம் பெற வேண்டும். சட்டம் நாட்டுக்கு நாடு மாறுவதால் வழக்கறிஞர்களுக்கு இழப்பு மிக அதிகம்.

போகும் இடத்துக்கும் அரசியல் உண்டு

அரசியல் காரணத்துக்காகப் போகிறவர், போகும் நாட்டின் அரசியலைத் தம் நாட்டைப் படித்த அதே கண்டிப்போடு படிக்க வேண்டும். அங்கே நீங்கள் பல ஆண்டுகள் வாக்கில்லாதவராக இருப்பீர்கள். கனடாவில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க ஐந்து ஆண்டுகளில் 1,095 நாள்கள் அங்கு வாழ்ந்திருக்க வேண்டும்; ஆஸ்திரேலியாவில் பொதுவாக நான்கு ஆண்டுகள், அவற்றில் கடைசி ஓராண்டு நிரந்தர வதிவுரிமையோடு. அதுவரை விசா ஒரே முதலாளியோடு கட்டப்பட்டிருந்தால், வேலை போகும் நாளில் தங்கும் உரிமையும் ஆட்டம் காணும். குடியேறிகளைப் பற்றி அங்கே ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் என்ன சொல்கின்றன, உங்கள் நிறத்தவர்களும் மதத்தவர்களும் வாடகைக்கு வீடு தேடும்போது என்ன நடக்கிறது என்பதை, ஐந்தாண்டுகளுக்கு முன் போனவர்களிடமும், போய்விட்டுத் திரும்பியவர்களிடமும் கேளுங்கள். திரும்பியவர்களை யாரும் கேட்பதில்லை. மிகப் பயனுள்ள தகவல் அவர்களிடம்தான் இருக்கிறது.

வீட்டில் பேச வேண்டியவை

குடும்பத்தின் வயதுவந்த ஒவ்வொருவரும் தம் விருப்பத்தைத் தனியே எழுதி, பிறகு ஒன்றாக உட்கார்ந்து படியுங்கள். ஒருவரின் அச்சத்துக்காக மற்றவர் தம் தொழிலை இழந்து போவதாக இருந்தால், அது புறப்படும் முன்பே வெளிப்படையாகப் பேசப்பட்டிருக்க வேண்டும். முதிய பெற்றோரை யார் பார்த்துக்கொள்வார்கள், அவர்கள் நோயுறும்போது உங்களால் திரும்பி வர முடியுமா என்பதைத் தவிர்த்துவிட்டு எடுக்கும் எந்த முடிவும் முழுமையானதல்ல. நீங்கள் வெளியே போய் வெளிப்படையாகப் பேசினால், உள்ளே இருக்கும் உறவினர்மீது பழிவாங்கல் வருமா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

போவது துரோகமா என்ற கேள்வி நல்லவர்களையே அதிகம் வதைக்கிறது. அப்படி இல்லை என்பது என் உறுதியான கருத்து. அதேபோல், இருப்பவர்கள் அறியாதவர்களும் அல்லர். நீதிமன்றத்திலும் வகுப்பறையிலும் செய்தியறையிலும் ஒருவர் நின்றுகொண்டிருப்பதால் மட்டுமே காக்கப்படும் விஷயங்கள் உண்டு. உங்கள் தொழிலால், தொடர்புகளால், துணிவால் உள்ளே எதையாவது உண்மையில் மாற்ற முடிகிறதா என்று நேர்மையாகக் கேளுங்கள். முடிகிறது என்றால் அதற்கும் தாளில் ஓர் இடம் கொடுங்கள்.

புறப்படுவது என்று முடிவானால்

போன பிறகு எந்த உரிமைகள் மிஞ்சும் என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். இந்தியா, சீனா, சிங்கப்பூர் போன்ற நாடுகள் இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதில்லை. ஜெர்மனி 2024 ஜூனிலிருந்து அனுமதிக்கிறது. பிரிட்டன் 2024 ஜனவரியில் வெளிநாட்டில் வாழும் குடிமக்களுக்கு இருந்த 15 ஆண்டு வாக்கு வரம்பை நீக்கியது; அயர்லாந்துக் குடிமக்கள் வெளிநாட்டில் இருந்தபடி பொதுவாக வாக்களிக்க முடியாது. அமெரிக்கக் குடிமக்கள் எங்கே வாழ்ந்தாலும் தம் நாட்டுக்கு வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். தஞ்சம் பெற்றவர்கள், தம் பழைய நாட்டின் கடவுச்சீட்டைத் தாமாக விரும்பிப் புதுப்பித்தாலோ அங்கே குடியேறத் திரும்பினாலோ, அகதிப் பாதுகாப்பையே இழக்க நேரலாம். ஆகவே தூதரகத்தின் படியேறும் முன் ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.