கேல் கீரை வளர்ப்பு: வீட்டுக்குப் போக விற்கவும் இருக்கும்

கேல், முட்டைக்கோஸின் நெருங்கிய உறவு. ஆனால் கோஸ் மாதிரி உருண்டு மூடாது. தண்டு உயர உயர இலை விட்டுக்கொண்டே இருக்கும். ஒருமுறை நட்டால் மாதக்கணக்கில் பறிக்கலாம். சமையலுக்கும் சரி, விற்பனைக்கும் சரி, எப்படிப் பறிக்கிறோம் என்பதுதான் முக்கியம்.

முதலில் நாற்று. 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் கேல் செழிக்கும். கடும் வெயிலில் இலை முரடாகிக் கசக்கும். அதனால் குளிர்ந்த பருவத்தை ஒட்டி விதையுங்கள். 1 செ.மீ. ஆழம் போதும். ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் ஒரு வாரம், பத்து நாளில் முளைத்துவிடும். விற்கும் எண்ணம் இருந்தால் மொத்த விதையையும் ஒரே நாளில் போட்டுவிடாதீர்கள். மூன்று, நான்கு வார இடைவெளியில் பிரித்துப் போட்டால் வாரம் தவறாமல் சரக்கு இருக்கும்.

நான்கைந்து இலை வந்ததும் நடவு. பாத்தியில் மக்கிய தொழுவுரத்தைக் கலந்து, செடிக்குச் செடி 45 செ.மீ., வரிசைக்கு வரிசை 60 செ.மீ. விடுங்கள். கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி போட்ட இடத்தில் உடனே கேல் வேண்டாம். அவற்றைத் தாக்கும் நோய்களே இதற்கும் வரும். வேரடியில் வைக்கோல், காய்ந்த இலை பரப்பி மூடாக்குப் போட்டு, சீராகத் தண்ணீர் விட்டு வந்தால் போதும்.

இலையை அவ்வப்போது திருப்பிப் பாருங்கள். சாம்பல் பூத்தாற்போல அசுவினி என்ற சாறு உறிஞ்சும் சிறு பூச்சி அப்பியிருப்பதும், பச்சைப் புழு நரம்போடு நரம்பாக ஒட்டிக் கிடப்பதும் அடிப்பக்கத்தில்தான். ஆரம்பத்திலேயே தண்ணீரைப் பீய்ச்சி அசுவினியைக் கழுவிவிடலாம். புழுவைக் கையால் எடுத்துவிடலாம். சாப்பிடுவதே இலையைத்தான் என்பதால் மருந்தடிக்க நான் அவசரப்படமாட்டேன்.

அப்புறம் பறிப்பு. அடியிலைகளிலிருந்து தொடங்குங்கள். காம்பைப் பிடித்துக் கீழ்நோக்கி அழுத்தினால் தண்டோடு சேர்ந்த இடத்தில் 'டக்'கென்று ஒடிந்து வரும். இழுத்தால் தண்டின் தோல் உரியும். உச்சிக் குருத்தையும் அதைச் சுற்றி ஐந்தாறு இலைகளையும் எப்போதும் விட்டுவைக்க வேண்டும். நல்ல விலை கிடைக்கிறதே என்று மொட்டையடித்தால் செடி மீண்டுவர நாளாகும்.

சந்தைக்கானதை வெயில் ஏறும் முன் பறித்து, குளிர்ந்த நீரில் அலசி, வடியவிட்டு, ஒரே அளவு இலைகளாகக் கட்டுங்கள். கேல் சீக்கிரம் வாடும். ஈரத்துணி போர்த்தி நிழலிலேயே வைத்திருங்கள். ஓட்டை விழுந்த இலை விலை போகாது, ஆனால் சுவையில் குறைவில்லை. அதை வீட்டுச் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.