டர்போ வாங்குறப்ப நம்ம பசங்க பண்ற தப்பு

"எத்தன ஹார்ஸ்பவர்ண்ணே வரும்?" டர்போன்னா என்ஜின் புகை வேகத்துல சுத்தி காத்த அமுக்கி உள்ள தள்ற சாமான், அத வாங்க வந்தா முதல் கேள்வியே இதான். எந்த ஆர்பிஎம்ல (என்ஜின் நிமிஷத்துக்கு சுத்தற சுத்து) வரும்னு எவனும் கேக்கறதில்ல. தஞ்சாவூர்லேர்ந்து அய்யம்பேட்டை, பாபநாசம் வழியா கும்பகோணம் போற பழைய ரோட்ல முன்னாடி டிராக்டரு, எதிர்ல டவுன் பஸ்ஸுன்னு என்ஜின் முக்காவாசி நேரம் 2000-4000க்குள்ளதான் ஓடும், அதுல 4500 தாண்டினாதான் முழிச்சுக்கற டர்போவ மாட்டி என்ன பண்றது? ஓவர்டேக் எடுக்கறப்ப மிதிச்சுட்டு காத்துகிட்டே இருக்கணும்.

காரெட் கம்பெனி டர்போ ஜி25-660ன்னு ஒன்னு இருக்கு, நல்ல சாமான்தான். அந்த 660ங்கிறது அதால தாங்க முடிஞ்ச உச்ச ஹார்ஸ்பவர், உங்க கார்ல வரப்போறது இல்ல. உங்க டார்கெட் 250ன்னா அது உங்களுக்கானதே இல்ல. தோராய கணக்கு ஒன்னு சொல்றேன், பெட்ரோல் என்ஜின்ல 10 ஹார்ஸ்பவருக்கு நிமிஷத்துக்கு 1 பவுண்டு காத்து வேணும், அப்போ 250க்கு 25 பவுண்டு. அடுத்து பிரஷர் ரேஷியோ, அதாவது டர்போவ விட்டு வெளிய வர்ற காத்தழுத்தம் உள்ள போற காத்தழுத்தத்த போல எத்தன மடங்குன்னு: நம்ம டெல்டா கடல் மட்டத்த ஒட்டின பூமி, காத்தழுத்தமே 14.7 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு பவுண்டு) இருக்கும், மேல 14.7 பூஸ்ட் (டர்போ கூட்டற அழுத்தம்) ஏத்தினா ரேஷியோ 2. இந்த ரெண்டு நம்பரையும் கம்பெனி குடுக்கற கம்ப்ரசர் மேப்ல (காத்த அமுக்கற சக்கரம் எந்த அழுத்தத்துல எவ்ளோ காத்து தள்ளும்னு காட்டற படம்) வச்சு பாருங்க. உச்ச ஆர்பிஎம்முக்கு மட்டும் பாக்காம 3000, 4000க்கும் புள்ளி வைங்க. புள்ளி இடது பக்க சர்ஜ் கோட்ட தாண்டிடுச்சுன்னா காத்து உள்ள போகாம திருப்பி அடிக்கும், டர்போ தண்டு முன்னபின்ன நகராம பிடிக்கற த்ரஸ்ட் பேரிங் காலி.

பூஸ்ட் மீட்டர பாத்து பெருமைப்படறதும் வேண்டாத வேலை. சின்ன டர்போல 20 பிஎஸ்ஐயும் பெரிய டர்போல 20 பிஎஸ்ஐயும் ஒன்னு கெடயாது, சின்னத கசக்கி பிழிஞ்சா வர்றது பாதி சூட்டுக் காத்துதான், சித்திரை வெயில்ல அந்த காத்த குளிர வைக்கற இன்டர்கூலரும் திணறும்.

அப்புறம் இந்த லாரி டர்போ, அறுவடை மிஷின் டர்போ. பழசு சல்லிசா கெடைக்குதுன்னு பெட்ரோல் கார்ல மாட்டாதீங்கய்யா. டீசல் புகை சூடு பொதுவா 850 டிகிரிக்கு கீழதான், பெட்ரோல்ல ஃபுல்லா மிதிச்சா 950ஐ தாண்டும், அந்த சூட்டுக்கு செஞ்ச டர்பைன் (புகைல சுத்தற சக்கரம்) இல்ல அது.

பால் பேரிங் டர்போவுக்கு ஆயில் கம்மியா போகணும், ஆயில் வரத்த கொறைக்கற, கம்பெனி சொன்ன ரெஸ்ட்ரிக்டர் இல்லாம மாட்டினா சீல் வழியா ஆயில் கசிஞ்சு நீலப்புகை வரும். ஆயில் திரும்பற பைப்பு எங்கயும் மடங்காம நேரா கீழ எறங்கணும், பம்ப் இல்ல அதுக்கு, தானா வடியுறதுதான். ஓப்பன் ஃபில்டர பானட்டுக்குள்ள தொங்க விடறவங்க குறுவை அறுப்பு சமயத்துல ஒரு தடவ அத கழட்டி பாருங்க, ரோட்டுல காயப்போட்ட நெல்லுத் தூசி பூரா அதுலதான் இருக்கும். கம்ப்ரசர் நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுத்துக்கு மேல சுத்துது, அந்த வேகத்துல பொடி மண்ணு பட்டாலும் இறக்கை தேஞ்சுரும்.

கடைசியா பெட்ரோல். 100 ஆக்டேன் பெட்ரோல் (ஆக்டேன் கூடினா நாக்கிங்க அதிகம் தாங்கும்) எல்லா பங்க்லயும் கெடைக்காது, அத ஊத்தி சென்னைல டியூன் பண்ணிட்டு வந்து இங்க சாதா பெட்ரோல்ல அதே பூஸ்ட்ல ஓட்டினா நாக்கிங் (பெட்ரோல் நேரங்கெட்டு தானா வெடிக்கறது) வந்து பிஸ்டன் போயிடும். உங்க ஊர் பங்க்ல தினமும் எது கெடைக்குதோ அதுக்கே டியூன் பண்ணச் சொல்லுங்க.