‘டெலிவரி ஆகிவிட்டது’ என்கிறது செயலி, பார்சலைக் காணோம்: எங்கே தவறுகிறோம்?

தஞ்சாவூரில் இருக்கும் அம்மாவுக்கு ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்றைச் சென்னையிலிருந்து ஆர்டர் செய்திருந்தேன். ஒருநாள் மதியம் போன். “சார், வீட்டு வாசல்லதான் நிக்கிறேன், ஓடிபி சொல்லுங்க.” சொன்னேன். இரண்டு நிமிடத்தில் ‘டெலிவரி ஆகிவிட்டது’ என்று செய்தி வந்தது. அம்மாவிடம் கேட்டால், “யாரும் வரலையேப்பா” என்றார். பணம் திரும்பி வர ஐந்து வாரம் ஆனது.

அந்த ஓடிபிதான் முதல் தவறு. அது நாம் போடும் கையெழுத்து மாதிரி. பெட்டி கைக்கு வருமுன் சொல்லிவிட்டால், வாங்கிக்கொண்டேன் என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். வெளியூரில் இருக்கும் பெற்றோருக்கு அனுப்பும்போது முதலில் அவர்களைக் கூப்பிட்டு, பெட்டி கையில் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு, அப்புறம் எண்ணைச் சொல்லுங்கள். வாசலில் நிற்பவர் இரண்டு நிமிடம் காத்திருந்தால் குறைந்துவிடாது.

அடுத்தது, ‘நாளைக்கு வந்துடும்’ என்று விட்டுவிடுவது. சில நேரம் உண்மையிலேயே வரும். அன்றைய கணக்கை முடிக்க முன்கூட்டியே ‘டெலிவரி’ என்று பதிந்துவிட்டு மறுநாள் கொண்டுவருகிறவர்கள் உண்டு. வாட்ச்மேன், பக்கத்து வீடு, கீழே இருக்கும் மளிகைக் கடை என்று விசாரியுங்கள். ஆர்டரில் பழைய வீட்டு முகவரி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆனால் புகாரை அன்றைக்கே பதிந்துவிடுங்கள். பொருள் வரவில்லை என்று சொல்லப் பல தளங்களில் சில நாட்கள்தான் அவகாசம். பின்னர் வந்துவிட்டால் புகாரை முடித்துக்கொள்ளலாம், அதில் நஷ்டமில்லை.

புகார் பதியும்போது அவசரத்தில் ‘ரிட்டர்ன்’ என்பதை அழுத்திவிடாதீர்கள். திருப்பி எடுக்க வருகிறவருக்குக் கொடுக்க நம்மிடம் பெட்டியே இருக்காது. அவர் அதை ரத்து என்று பதிந்துவிட்டுப் போவார், அப்புறம் அதையும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். ‘டெலிவரி என்று காட்டுகிறது, பொருள் கிடைக்கவில்லை’ என்ற அர்த்தத்தில் உள்ளதைத் தேடித் தேர்ந்தெடுங்கள்.

போனில் மட்டும் பேசுவது நம் எல்லோருக்கும் இருக்கும் பழக்கம். நானும் முதல் வாரம் முழுக்கப் பேசிக்கொண்டேதான் இருந்தேன். ஒவ்வொரு முறையும் வேறு ஒருவர் எடுத்தார், கதை முதலிலிருந்து தொடங்கியது. பிறகுதான் மின்னஞ்சலில் எழுதி டெலிவரிக்கான ஆதாரம் கேட்டேன்: யார் வாங்கினார், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், புகைப்படம் உண்டா. ஓடிபி பதிவான இடம் வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி என்று அவர்கள் பதிலிலேயே தெரிந்தது. இந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டுவிடுங்கள். புகார் எண், சாட், ஆர்டர் பக்கம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ‘பிரச்சினை தீர்ந்ததா?’ என்று செய்தி வந்தால், தீராமல் ‘ஆம்’ அழுத்தாதீர்கள்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, கஸ்டமர் கேர் எண்ணைக் கூகுளில் தேடுவது. மோசடிக்காரர்கள் போலி எண்களைப் போட்டு வைத்துக் காத்திருக்கிறார்கள். ரீஃபண்ட் அனுப்புகிறோம் என்று சொல்லித் திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்வார்கள், யுபிஐ பின் போடச் சொல்வார்கள். பணம் நமக்கு வர யுபிஐ பின் ஒருபோதும் தேவையில்லை. எண்ணை நீங்கள் வாங்கிய செயலிக்குள்ளேயே பாருங்கள். ஏமாந்துவிட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

கார்டில் கட்டியிருந்தால், கடைக்காரர் பணம் தர மறுத்து அனுப்பிய பதிலோடு வங்கியில் ஆட்சேபம் பதியலாம். இஎம்ஐயில் வாங்கியவர்கள் கோபத்தில் தவணையை நிறுத்திவிட வேண்டாம், பாதிப்பு உங்கள் கிரெடிட் ஸ்கோருக்குத்தான்.

‘எங்கள் பதிவில் டெலிவரி ஆகிவிட்டது’ என்று ஒரு பதில் வந்ததும் பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி ஒவ்வொரு தளமும் ஒரு குறைதீர் அலுவலரை வைத்திருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் அவர் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அவர் பெயரும் தொடர்பு விவரமும் தளத்திலேயே இருக்க வேண்டும். அதுவும் பலிக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். எனக்குப் பணம் வந்தது அங்கே பதிந்த பிறகுதான்.

அதற்கும் மசியாதவர்கள் மீது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், நிறுவனத்தின் அலுவலகம் பெங்களூரில் இருந்தாலும் சரி. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும். அங்கே கேட்கப்போவது அந்த ஸ்கிரீன்ஷாட்களையும் மின்னஞ்சல்களையும்தான்.