ஈசல் வரும் சாயங்காலத்தில் செய்யக் கூடாதவை

காரிமங்கலம் பக்கத்தில் எங்கள் வீடு. ஒரு புறம் மாந்தோப்பு, மறுபுறம் மல்பெரிக் கொல்லை. சித்திரை, வைகாசியில் கோடை மழை ஒன்று பலமாக அடித்து நிலம் ஊறிவிட்டால் போதும், அன்றைக்கோ மறுநாளோ பொழுது சாய்கிற நேரத்தில் வரப்போரப் புற்றுகளிலிருந்து ஈசல் கிளம்பிவிடும். ஐப்பசி மழையிலும் இப்படித்தான். ஏழு மணிக்குத் திண்ணை டியூப்லைட்டைச் சுற்றிப் புகை போல மொய்க்கும். சோற்றுத் தட்டில் விழும், குழந்தையின் காதுக்குள் போகப் பார்க்கும், காலையில் எழுந்தால் வீடு முழுக்க இறக்கை. தருமபுரி, கிருஷ்ணகிரிக் கிராமங்களில் இதைப் பார்க்காத வீடு இருக்காது. ஈசல் யாரையும் கடிக்காது, நோய் பரப்பாது, வீட்டுப் பண்டம் எதையும் தின்னாது. ஆனால் அந்த ஒரு மணி நேரப் பதற்றத்தில் நாம் செய்கிற சில காரியங்கள் உண்மையிலேயே கெடுதலில் போய் முடிகின்றன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் விளக்கு. ஈசல் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க எல்லா விளக்கையும் போட்டுவிடுகிறோம். அது வருவதே வெளிச்சத்துக்குத்தான். ஜன்னலையும் கதவையும் அடைத்து, கதவுக்குக் கீழே உள்ள இடுக்கில் ஈரத்துணியைச் சுருட்டி வைத்து, வாசல் பக்கத்து விளக்குகளை அணைத்துவிட்டால் பாதிக் கூட்டம் திரும்பிவிடும். பெரும்பாலும் ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம்தான் பறக்கும். அதுவரை சமையலறையில் ஒரு சின்ன விளக்கு போதும். வாசலில் விளக்கு இருந்தே ஆக வேண்டும் என்றால் வெள்ளை எல்இடிக்குப் பதில் மஞ்சள் பல்பு போடுங்கள். அடியோடு நின்றுவிடாது, ஆனால் வருவது நன்றாகக் குறையும்.

எங்கள் ஆயா செய்தது இன்னும் நல்ல வழி. வீட்டிலிருந்து இருபது முப்பது அடி தள்ளி, களத்தில் ஓர் அன்னக்கூடை நிறையத் தண்ணீர் வைத்து, அதற்கு மேலே லாந்தரைத் தொங்கவிடுவார். வீடு இருட்டாகவும் களம் வெளிச்சமாகவும் இருப்பதால் கூட்டம் அங்கே போய்த் தண்ணீரில் விழும். இப்போது சார்ஜ் லைட்டை வைத்து அதையே செய்கிறோம். தண்ணீரில் மண்ணெண்ணெய் ஊற்றும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. அது தேவையே இல்லை. இறக்கை நனைந்தாலே ஈசலால் எழ முடியாது. மண்ணெண்ணெய் ஊற்றினால் காலையில் அதைக் கோழிக்குப் போட முடியாமல் போகும்.

மழை பெய்த ராத்திரி என்றால் கரண்டும் போகும். அப்போது மெழுகுவர்த்தி ஏற்றுவது இன்னொரு தவறு. நூற்றுக்கணக்கில் வந்து தீயில் விழும், மெழுகுவர்த்தி சாயும். பக்கத்தில் தொட்டிலோ கொசுவலையோ இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. டார்ச்சோ சார்ஜ் லைட்டோ வைத்துக்கொள்ளுங்கள்.

இருட்டில் உட்காரச் சொல்லும்போது ஒரு பெரிய எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஈசல் விழுகிற இடத்துக்குத் தவளையும் தேரையும் வரும், பல்லி வரும். தவளை வருகிற இடத்துக்குப் பாம்பு வரும். நம் பக்கத்தில் கண்ணாடி விரியனும் கட்டுவிரியனும் ராத்திரியில் நடமாடுகிறவை. அதனால் விளக்கை அணைத்துவிட்டு வெறுங்காலோடு வாசலுக்கோ மாட்டுக் கொட்டகைக்கோ போகாதீர்கள். செருப்பு போட்டு, டார்ச் அடித்துத் தரையைப் பார்த்து நடங்கள். பிள்ளைகள் இருட்டில் கையால் ஈசலை அள்ளுவதையும் விடக் கூடாது. கட்டுவிரியன் கடித்தால் பல நேரம் வலி கூடத் தெரியாது, பல் பட்ட தடமும் சரியாக இருக்காது. என்னவோ சுருக்கென்று இருந்தது என்று யாராவது சொன்னால் பூச்சிக்கடி என்று விட்டுவிட வேண்டாம். கயிறு கட்டாமல், கீறாமல், காலை அசைக்காமல், 108-ஐக் கூப்பிட்டு நேராகத் தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

அடுத்தது ஸ்பிரே. கரப்பான், கொசுவுக்கு வைத்திருக்கும் டப்பாவை எடுத்து ஈசல் கூட்டத்தைப் பார்த்து அடிப்பது. இதில்தான் எனக்கு ரொம்ப வருத்தம். ஒரு மணி நேரத்தில் தானாக ஓயப்போகிற கூட்டத்துக்கு, கதவு ஜன்னல் எல்லாம் அடைத்த வீட்டுக்குள் மருந்தை அடிக்கிறோம். அந்த மருந்து சோற்றிலும் குடத்திலும் குழந்தைகள் படுக்கிற பாயிலும் படிகிறது. அடுப்பு எரியும்போது அடித்தால் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

நம் மாவட்டங்களுக்கென்று ஒரு தனிக் காரணமும் இருக்கிறது. பாலக்கோடு, பென்னாகரம், தேன்கனிக்கோட்டை, ஓசூர் என்று எங்கே பார்த்தாலும் பட்டுப்புழு வளர்க்கிறவர்கள். பூச்சிமருந்து கொஞ்சம் பட்டாலும் பட்டுப்புழு தாங்காது. சில வருடங்களுக்கு முன் எங்கள் தெருவில் ஒரு வீட்டார் திண்ணையில் நின்று இரண்டு டப்பாவைக் காலி செய்தார்கள். பக்கத்தில் இருந்த புழு மனையில் புழுக்கள் ஐந்தாம் பருவத்தில் இருந்தன, இன்னும் நாலைந்து நாளில் கூடு கட்ட வேண்டியவை. காற்று அந்தப் பக்கம் வீசியது. மறுநாள் காலையில் ஜன்னலோர அடுக்கில் இருந்த புழுக்கள் இலையைத் தொடவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு வாந்தி எடுத்துச் சுருண்டன. இருபது நாள் ராத்திரி பகலாகத் தழை போட்ட அக்கா அந்த அடுக்கின் முன்னால் நின்ற நிற்பு இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அடித்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, தெரியாமல் செய்தார்கள். புழு மனை பக்கத்தில் இருந்தால் ஸ்பிரே, கொசுவர்த்தி, கொல்லைக்கு அடிக்கிற மருந்து எதுவானாலும் முதலில் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். புழு மனை வைத்திருப்பவர்களும் ஈசல் கிளம்பும் நேரத்தில் உள்விளக்கை அணைத்து, பட்டுப்புழுவைத் தாக்கும் உசி ஈ வராமல் இருக்கக் கட்டிய வலையை இழுத்து மூடிவிட்டால் ஈசல் உள்ளே வராது.

சரி, விழுந்ததைச் சுத்தம் செய்வது. ஃபேனைப் போட்டுக்கொண்டு காய்ந்த துடைப்பத்தால் கூட்டினால் இறக்கை மேலே மேலே பறந்து சாமி மாடம் வரைக்கும் போகும். ஃபேனை நிறுத்தி, லேசாகத் தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் ஒதுக்கி அள்ளுங்கள். தண்ணீர்த் தொட்டி மூடியிருக்கிறதா என்று சாயங்காலமே பார்த்துவிடுங்கள்.

வறுத்துத் தின்கிற வீடுகளும் உண்டு, எங்கள் வீடும் அதில் ஒன்று. முறத்தில் தேய்த்து இறக்கையைப் புடைத்துவிட்டு, வாணலியில் உப்புப் போட்டு வறுத்து, பொரியோடு கலந்து தருவார் ஆயா. தவறு எங்கே வருகிறது என்றால், தெரு விளக்கின் கீழோ பக்கத்து வீட்டு வாசலிலோ கிடப்பதை அள்ளிவருவது. அங்கே யார் மருந்து அடித்தார்கள் என்று நமக்குத் தெரியாது. ஈரத்தோடு ராத்திரி முழுக்கக் கிடந்ததும் கெட்டுப்போயிருக்கும். இறால், நண்டு தின்றால் தடிப்பு வருகிறவர்களுக்கு ஈசலும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், அவர்களுக்குக் கொடுக்கவே வேண்டாம்.

மழைக்காலத்தில் விளக்குக்கு வருவது எல்லாம் ஈசல் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தோட்டத்து ஈரமான இடங்களிலிருந்து பெரிய கொசு மாதிரி, உடம்பைவிட ரொம்ப நீளமான காலோடு ஒரு பூச்சி வந்து பாத்ரூம் சுவரில் உட்காரும். தொட்டால் கால் கழன்று வரும். அதைப் பார்த்துப் பெரிய கொசு, டெங்கு கொண்டுவரும் என்று பயப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது கடிக்கவே கடிக்காது. ஈர மண்ணிலும் மக்கிய இலையிலும் புழுவாக இருந்துவிட்டு, வளர்ந்த பிறகு சில நாள் மட்டும் பறக்கிற சாது. டம்ளரால் மூடி, அடியில் காகிதம் செருகி வெளியே விட்டுவிடலாம்.

இனி, என் கணக்கில் எல்லாவற்றிலும் பெரிய தவறு. ஈசலுக்கு ஒரு நாள் வாழ்வு என்று சொல்லிப் பழகியதால், அதற்கும் வீட்டைத் தின்னும் கறையானுக்கும் சம்பந்தம் இருப்பதையே மறந்துவிடுகிறோம். ஈசல் என்பது இறக்கை முளைத்த கறையான். அதில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. கீழே இறங்கியதும் இறக்கையை உதிர்த்துவிட்டு, ஜோடியாக ஈர மண்ணுக்குள் புகுந்து புதுக் குடும்பம் தொடங்கும். பெரும்பாலானவை அன்றைக்கே காக்கைக்கும் தவளைக்கும் இரையாகிவிடுகின்றன, அதனால்தான் அந்தப் பழமொழி. தப்பித்த பெண் ஈசல் ராணியாகிப் பல வருடங்கள் உயிரோடு இருக்கும், முழு வளர்ச்சி அடைந்தபின் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும். மரத்தைத் தின்பது அதன் பிள்ளைகளான வேலைக்காரக் கறையான்கள்.

ஆகவே ஈசல் வந்த ராத்திரி பார்க்க வேண்டியது, அது எங்கிருந்து வந்தது என்பதை. வெளியிலிருந்து விளக்குக்கு வந்திருந்தால் வீட்டில் கறையான் என்று பயந்து மருந்துக்காரரைக் கூப்பிட வேண்டாம், அது கொல்லைப் புற்றிலிருந்து வந்தது. கதவு ஜன்னல் எல்லாம் மூடியிருந்தும் வாசக்கால் ஓரத்திலிருந்தோ தரையும் சுவரும் சேருகிற வெடிப்பிலிருந்தோ பொலபொலவென்று வெளியே வந்தால் அலட்சியம் கூடாது. வீட்டுக்குள்ளேயே, அல்லது வீட்டுக்கு அடியில், கறையான் குடியிருக்கிறது. இறக்கை முளைத்த எறும்பும் மழைக்கு வெளியே வரும் என்பதால் ஒன்றை எடுத்துப் பாருங்கள். இடுப்பு ஒடுங்கி, உணர்கொம்பு மடங்கி, முன் இறக்கை பெரிதாகவும் பின் இறக்கை சிறிதாகவும் இருந்தால் எறும்பு. இடுப்பே இல்லாமல், நான்கு இறக்கையும் ஒரே அளவாக இருந்தால் ஈசல்.

கறையான் என்று தெரிந்ததும் தெரிகிற இடத்தில் மண்ணெண்ணெயோ வண்டியிலிருந்து வடித்த பழைய ஆயிலோ ஊற்றுவார்கள். நனைந்தவை சாகும், அவ்வளவுதான். ராணி மண்ணுக்குள் ஆழத்தில் இருக்கிறது, கூட்டம் வேறு வழியாக ஏறி வரும். கொல்லைப் புற்றை இடிப்பதும் அப்படியே. மேலே இடித்தால் திரும்பக் கட்டிவிடும். உள்ளே பாம்பும் இருக்கலாம். பெட்ரோல் ஊற்றிக் கொளுத்துவது நம்மையே சுட்டுவிடும். வீட்டை விட்டுத் தள்ளி இருக்கிற புற்று அதன் பாட்டுக்கு இருக்கட்டும். காய்ந்த சருகை மக்க வைத்து மண்ணுக்குத் தருவது அதுதான், மழைக்குப் பிறகு புற்றுக்காளான் முளைப்பதும் அங்கேதான்.

வீட்டுக்குள் வந்துவிட்டதற்கு, தரையும் சுவரும் சேருகிற இடத்தில் அடிக்கு ஒன்றாகத் துளை போட்டு மருந்தை மண்ணுக்குள் இறக்குவதுதான் முறை. அதைப் பழகியவர்களிடம் விடுங்கள். கிணறோ போர்வெல்லோ பக்கத்தில் இருந்தால் வேலை தொடங்கும் முன்பே அவர்களிடம் சொல்லுங்கள். புது வீடு கட்டுகிறவர்கள் அஸ்திவாரம் போடும்போதே இதைச் செய்தால் செலவும் குறைவு, பலனும் அதிகம். கழித்த மாங்கிளைகளை விறகுக்காகச் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள். நாமே ஏணி வைத்துக் கொடுத்தது போல ஆகும். பட்டா, பள்ளிச் சான்றிதழ் எல்லாம் அட்டைப்பெட்டியில் போட்டுத் தரையில் வைக்காமல் இரும்புப் பீரோவில் வையுங்கள்.

சுவரில் மண் கோடு போல ஏறியிருந்தால் உடனே முழுவதையும் சுரண்டிக் கழுவிவிடாதீர்கள். நடுவில் ஓர் அங்குலம் மட்டும் உடைத்து, பக்கத்தில் பென்சிலால் தேதியை எழுதி வையுங்கள். இரண்டு மூன்று நாளில் அந்த இடைவெளியில் ஈர மண் பூசி அடைத்திருந்தால் கறையான் அந்த வழியில் இன்னும் போய்வருகிறது. மருந்து போடுகிறவர் வந்ததும் முதலில் காட்ட வேண்டிய இடமும் அதுதான்.