மலச்சிக்கலும் நார்ச்சத்தும்: எனக்குக் கைகொடுத்தது

மலச்சிக்கல் எனக்குப் பல வருடத் தொல்லை. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு சுமார் 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும், ஆனால் ஒரேயடியாகக் கூட்டாதீர்கள் என்றார் மருத்துவர். அந்த இரண்டாவது பாதிதான் என்னைக் காப்பாற்றியது. பெருங்குடலில் உள்ள பாக்டீரியாக்கள் நார்ச்சத்தை நொதிக்க வைக்கும்போது வாயு உண்டாகும். திடீரென்று அளவு கூடினால் வயிறு உப்பிக்கொள்ளும்.

அதனால் முதலில் காலைச் சாப்பாட்டை மட்டும் மாற்றினேன். ஜூஸுக்குப் பதில் முழுப் பழம், ஆப்பிள் என்றால் தோலோடு. பிழிந்து வடிகட்டினால் நாரெல்லாம் சக்கையோடு போய்விடுகிறதே! வயிறு பழகியதும் மதியம் ஒரு கை பயறு, அப்புறம் தவிடு நீக்காத தானியம். பயறு சேர்த்த புதிதில் கொஞ்சம் பொருமல் இருந்தது. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாகக் குழைய வேகவைத்தேன், குறைந்துவிட்டது.

தண்ணீர் விஷயத்தில் நான் ரொம்பக் கறார். நார்ச்சத்து நீரை இழுத்து வைத்துக்கொண்டுதான் மலத்தை இளக்குகிறது. தண்ணீர் போதாவிட்டால் இன்னும் இறுகும். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே டம்ளர் இருக்கும்.

இப்போது முக்காமல், இயல்பாகப் போகிறது. ஆனால் மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு என்று இருந்தால் சாப்பாட்டை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் நேராக மருத்துவரிடம் போய்விடுங்கள்.