கர்ப்பிணிகளின் எச்.ஐ.வி பரிசோதனையில் புதியவர்கள் விடும் பிழைகள்

இரத்தம் எடுப்பதையும் குழாயில் பெயர் எழுதுவதையும் கிளினிக்குக்குப் புதிதாக வருபவர்கள் சீக்கிரம் பழகிவிடுகிறார்கள். முடிவு கைக்கு வந்த பிறகுதான் சறுக்குகிறார்கள், அதுவும் அதே பழைய இடத்தில்.

முதல் முடிவையே நோய் என்று சொல்வது

அம்பாறைக் கரையோர ஊரொன்றில் ஒரு கர்ப்பிணிக்கு முதல் பரிசோதனை 'ரியாக்டிவ்' என்று, அதாவது தொற்று இருக்கலாம் என்று, வந்தது. கணவர் கட்டாரில். புதிதாக வந்தவர் கூட வந்த மாமியாரிடமே விஷயத்தைச் சொல்லிவிட்டார். உறுதிப்படுத்தும் பரிசோதனையில் தொற்று இல்லை என்று தெரிந்தபோது அவளைத் தாய் வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. நினைத்தால் இன்றும் எரிச்சல்தான் வருகிறது. கொஞ்சம் கணக்குப் போட்டிருந்தால் வாய் அடங்கியிருக்கும்.

இலங்கையில் வளர்ந்தவர்களிடையே எச்.ஐ.வி 0.1 வீதத்துக்கும் குறைவு, கர்ப்பிணிகளிடம் அதிலும் குறைவு. 10,000 கர்ப்பிணிகளில் ஒருவருக்கு உண்மையில் தொற்று என்று வைப்போம். ஆயிரத்தில் இரண்டு பேரை மட்டும் பிழையாக ரியாக்டிவ் என்று காட்டும் நல்ல பரிசோதனைக் கிட்டாகவே இருக்கட்டும். ரியாக்டிவ் வருகிற 21 பேரில் 20 பேருக்குத் தொற்றே இராது! இதே கிட்டைத் தென்னாபிரிக்காவுக்குக் கொண்டுபோனால் கதை வேறு. அங்கே 2017இல் கர்ப்பிணிகளில் 100க்கு ஏறத்தாழ 30 பேருக்குத் தொற்று இருந்தது. ரியாக்டிவ் என்றால் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். வெவ்வேறான மூன்று பரிசோதனைகளும் அடுத்தடுத்து ரியாக்டிவ் ஆனால்தான் தொற்று என்று சொல்லுங்கள் என உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது, தொற்று குறைந்த இடங்களில் இப்படிப் பிழை வருவதால்தான்.

சரி, அதுவரை என்ன சொல்வது? அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு தரம் இரத்தம் பார்க்க வேண்டியிருக்கு" என்று மட்டும். மாமியார் வெளி வாங்கில் இருக்கட்டும்.

'எங்கட பக்கம் இல்லை' என்று விடுவது

தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி பரவுவதை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் இலங்கையை அங்கீகரித்தது. கர்ப்பிணிகளை விடாமல் பரிசோதித்ததால்தான் அது கிடைத்தது. தவறவிட்ட ஒரு தாய்க்குச் சிகிச்சை கிடைக்காவிட்டால், பிள்ளைக்குத் தொற்றும் வாய்ப்பு 100க்கு 15 முதல் 45 வரை. நேரத்துக்கு மருந்து தொடங்கினால் 5க்கும் கீழே.

கணவர் வெளிநாட்டில் இருப்பவர்களை மட்டும் பரிசோதனைக்கு அனுப்புவது

எல்லாருக்கும் எடுங்கள்.

முடிவைக் கர்ப்பிணியின் கிளினிக் அட்டையின் வெளிப்பக்கத்தில் எழுதுவது

கூடவே கூடாது.

'இல்லை' என்று வந்ததும் மறந்துவிடுவது

அண்மையில் தொற்றியிருந்தால் முதல் சில வாரங்களில் பரிசோதனை காட்டாது. சந்தேகம் இருந்தால், மூன்று மாதம் கழித்து இன்னொரு தரம்.