ஹைலைட்டர் பேனாவுக்குச் சிக்காத சாய்வு

செய்திகளில் அரசியல் சாய்வு இருக்கிறதா என்று கணக்கெடுக்கும் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் பிழைப்பில் ஒரு பகுதி. எந்தக் குழு வந்தாலும் அதே தவறுகள்தான், கிட்டத்தட்ட அதே வரிசையில். நானும் அந்த வழியாக வந்தவன்தான் என்பதால் அவர்கள் மேல் கோபம் வருவதில்லை, ஒன்றே ஒன்றைத் தவிர.

தலையங்கத்தைச் செய்தி என்று நினைப்பது, தலைப்பை மட்டும் படித்துப் பொங்குவது, வாட்ஸ்அப்பில் வந்த துண்டுப் படத்தை ஆதாரம் என்று நீட்டுவது, இதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. இந்த விஷயத்தைப் படிக்க உட்கார்ந்தவருக்கு அவை தெரியாமல் இருக்காது.

## அடைமொழி வேட்டை

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுவது இதுதான். ஒரு செய்தியைக் கையில் கொடுத்து "இதில் சாய்வு எங்கே?" என்று கேட்டால் உடனே ஹைலைட்டரைத் திறப்பார்கள். 'அதிரடி', 'விளாசல்', 'பரபரப்பு', 'அராஜகம்', 'வரலாற்றுச் சிறப்புமிக்க' என்று கண்ணில் பட்டதெல்லாம் மஞ்சளாகிவிடும். மஞ்சள் அதிகமென்றால் சாய்வு அதிகம், மஞ்சளே இல்லையென்றால் நடுநிலை. வேலை முடிந்தது.

ஒரு குழு இப்படித்தான் ஒரு தொலைக்காட்சி சேனலின் தேர்தல் காலச் செய்திகளை வாரக்கணக்கில் உட்கார்ந்து எண்ணியது. அறிக்கை சேனலுக்கே போனது, நேரில் விளக்கவும் அழைத்தார்கள். அங்கிருந்த செய்தி ஆசிரியர் குரலை உயர்த்தவே இல்லை. பின்னிணைப்பைப் புரட்டி, கோடிட்டிருந்த சொற்களை ஒவ்வொன்றாக வாசித்தார். "இது எதிர்க்கட்சித் தலைவர் சொன்னது. இது அமைச்சர் சொன்னது. இதுவும் மேற்கோளுக்குள்தானே இருக்கிறது?" பத்து நிமிடத்தில் அறிக்கை செத்துவிட்டது. பேட்டி கொடுத்தவர் வாயிலிருந்து வந்த சொல்லையெல்லாம் சேனலின் கணக்கில் எழுதியிருந்தார்கள்.

உழைப்பு வீணானதுகூடப் பரவாயில்லை. அந்த சேனல் உண்மையிலேயே ஒரு பக்கம் சாய்ந்துதான் இருந்தது. ஒழுங்காக எண்ணியிருந்தால் காட்டியிருக்கலாம். அதற்குப் பதில், "எங்களை ஆராய்ந்து பார்த்தார்கள், ஒன்றும் சிக்கவில்லை" என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு நாமே வழி செய்து கொடுத்த மாதிரி ஆயிற்று.

சரி, மேற்கோளுக்குள் இருப்பதை ஒதுக்கிவிட்டு எண்ணினால் போதுமா? போதாது. செய்தியைத் திருத்தி அச்சுக்கு அனுப்பும் டெஸ்க் ஓரளவு கண்டிப்பானது என்றால் அடைமொழிகள் அச்சுக்குப் போகும் முன்பே வெட்டப்பட்டிருக்கும். வகுப்பில் நான் கொடுக்கும் மாதிரிச் செய்தி ஒன்று உண்டு. மின்கட்டண உயர்வு பற்றியது, எட்டுப் பத்தி. முதல் பத்தியில் அமைச்சர் உயர்வை அறிவிக்கிறார். இரண்டிலும் மூன்றிலும் காரணத்தை அவரே விளக்குகிறார், நேரடி மேற்கோளோடு. நான்கில் துறைச் செயலாளர் நஷ்டக் கணக்கைச் சுட்டிக்காட்டுகிறார். ஐந்தில் பெயர் வெளியிட விரும்பாத அதிகாரி ஒருவர். ஆறில் மற்ற நாடுகளின் கட்டணம். ஏழில் அமலுக்கு வரும் தேதி. எட்டாவது பத்தி ஒரே வரி: "கட்டண உயர்வுக்கு எதிர்க்கட்சிகள் கண்டனம் தெரிவித்துள்ளன."

ஹைலைட்டருக்கு இதில் ஒரு சொல்கூட அகப்படாது. பெரும்பாலானோர் 'நடுநிலை' என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். பேசியவர்களை எண்ணிப் பாருங்கள். மூன்று பேர், மூவரும் அரசுத் தரப்பு. கட்டணம் கட்டப்போகிறவர் ஒருவர்கூட இல்லை. எதிர்ப்பவர்கள் எதற்காக எதிர்க்கிறார்கள் என்பதற்கு அரை வரி கிடையாது. செயலாளர் 'சுட்டிக்காட்டினார்' என்று எழுதியதும் அவர் கணக்கு சரி என்று நிருபரே சான்று கொடுத்தது போலாகிவிடுகிறது. அதே கணக்கை எதிர்த் தரப்பு சொல்லியிருந்தால் 'குற்றம்சாட்டினார்' என்று வந்திருக்குமா என்பதுதான் கேள்வி.

இதைப் பிடிக்கக் கட்டம் போட்ட ஒரு டேபிள் போதும். யார் பேசுகிறார், எந்தத் தரப்பு, எத்தனையாவது பத்தி, எத்தனை வரி, நேரடி மேற்கோளா நிருபரின் சுருக்கமா, எந்த வினைச்சொல். மாதிரிச் செய்திக்கு இதை நிரப்பிய உடனேயே 'நடுநிலை' என்று எழுதியவர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்.

டேபிளோடு மூல ஆவணமும் வேண்டும். கட்டண உத்தரவு, தீர்ப்பு, அவைக் குறிப்பு, பேச்சின் முழு வீடியோ, எது கிடைக்கிறதோ அது. செய்தியைப் படிப்பதற்கு முன்னாலேயே ஆவணத்திலிருந்து முக்கியமான ஐந்து தகவல்களைக் குறித்துக்கொள்ளச் சொல்வேன். செய்தியைப் படித்துவிட்டுக் குறித்தால், அது முக்கியம் என்று சொன்னதே நமக்கும் முக்கியமாகப் படும். பிறகு அந்த ஐந்தில் எவை செய்தியில் இருக்கின்றன என்று டிக் அடிக்க வேண்டியதுதான். ஒன்றிரண்டு விடுபடுவது சகஜம். விடுபட்டவை எல்லாமே ஒரு தரப்புக்குச் சங்கடம் தரக்கூடியவையாக இருந்தால் மேலே தோண்டலாம்.

விடுபடுவது எவ்வளவு என்பதற்குப் பழைய ஆய்வு ஒன்று இருக்கிறது. ஓர் அமெரிக்க நாளிதழில் செய்தி நிறுவனங்களிலிருந்து வரும் செய்திகளைப் பொறுக்கும் ஆசிரியர் ஒருவரை, 'மிஸ்டர் கேட்ஸ்' என்று புனைபெயர் கொடுத்து, டேவிட் மேனிங் வைட் 1949இல் ஒரு வாரம் கவனித்தார். 1950இல் வெளியான முடிவின்படி, வந்ததில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் பத்திரிகைக்குள் போயிருந்தது. ஒதுக்கியவற்றுக்கெல்லாம் அந்த ஆசிரியரே காரணம் எழுதிவைத்தார். இடமில்லை என்பதும் உண்டு, இது பிரச்சாரம் என்பதும் உண்டு. அச்சான பக்கத்தில் மட்டும் கோடு போட்டுக்கொண்டிருந்தால் இந்த இரண்டாவது வகைக் காரணம் நம் கண்ணுக்கே வராது.

இன்னும் ஒரு படி மீதி இருக்கிறது, அதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். அதே ஊடகம், அதே மாதிரிச் செய்தி, ஆனால் ஆட்சியில் வேறு கட்சி இருந்தபோது எழுதியது. அதைத் தேடி எடுத்து இதன் பக்கத்தில் வைக்க வேண்டும். அப்போது இரண்டாம் பத்தியிலேயே பொதுமக்களின் புலம்பல் வந்திருந்தால் உங்கள் கையில் ஆதாரம் இருக்கிறது. அப்போதும் அரசுத் தரப்புதான் ஐந்து பத்தி பேசியது என்றால் அது கட்சிச் சாய்வே இல்லை. நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் அவர் சொல்வதை எழுதிவைக்கும் பழக்கம். அதுவும் கோளாறுதான், ஆனால் வேறு கோளாறு. ஒன்றை மற்றதென்று அறிக்கையில் எழுதினால் மறுபடியும் அந்தப் பத்து நிமிட அறைக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

## பெயரைப் பார்த்துவிட்டுப் படிப்பது

"அந்தப் பத்திரிகையா? படிக்கவே வேண்டாம், தெரியும்." இப்படிச் சொல்பவருக்கு எண்ணும் வேலையைக் கொடுக்கக் கூடாது.

மேத்யூ பாம், ஃபில் கசின் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், 2004 அமெரிக்க அதிபர் தேர்தல் பற்றிய ஒரே செய்தி உரையைச் சிலருக்கு இடது சாய்வு என்று பலர் கருதும் சிஎன்என் பெயரிலும், சிலருக்கு வலது சாய்வு என்று பலர் கருதும் ஃபாக்ஸ் பெயரிலும், சிலருக்குக் கற்பனையான ஒரு நிலையத்தின் பெயரிலும் கொடுத்தார்கள். உரையில் எழுத்து மாறவில்லை. படித்தவர்களுக்குத் தெரிந்த சாய்வு மாறியது, அதுவும் பெயருக்கு ஏற்றபடி.

அதற்கும் முன்னால் 1985இல் வலோன், ராஸ், லெப்பர் மூவரும் செய்தது இன்னும் பிரபலம். 1982இல் பெய்ரூட்டில் பாலஸ்தீன அகதிகள் வாழ்ந்த சப்ரா, ஷதிலா பகுதிகளில் நடந்த படுகொலை பற்றிய தொலைக்காட்சிச் செய்திகளை ஸ்டான்ஃபோர்டு மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். இஸ்ரேல் ஆதரவாளர்கள் அது இஸ்ரேலுக்கு எதிரானது என்றார்கள், அரபு ஆதரவாளர்கள் அது இஸ்ரேலுக்குச் சாதகமானது என்றார்கள். இரு தரப்பும் பார்த்தது ஒரே காட்சிகளை. விஷயம் அதிகம் தெரிந்த ஆதரவாளர்களுக்குத்தான் சாய்வும் அதிகமாகத் தெரிந்தது என்பதை, "எனக்கு அரசியல் நன்றாகத் தெரியும் சார்" என்று வருபவர்களிடம் தவறாமல் சொல்வேன்.

செய்ய வேண்டியது எளிது. செய்தியை வெறும் எழுத்தாக ஒரு ஃபைலில் ஒட்டுங்கள். லோகோ, பைலைன் (எழுதியவர் பெயர்), படம் எதுவும் வேண்டாம். கட்சிகளின் பெயரை 'அ', 'ஆ' என்று மாற்றுங்கள். இரண்டு பேர் தனித்தனியாக, ஒருவரை ஒருவர் கேட்காமல் எண்ணட்டும். இருவர் கணக்கும் கன்னாபின்னாவென்று வேறுபட்டால், கோளாறு பெரும்பாலும் உங்கள் விதிமுறையில்தான் இருக்கும்.

## ஒரே செய்தியை வைத்துத் தீர்ப்பு

வேண்டாம்.

## இரண்டு பேரும் பேசிவிட்டால் நடுநிலை

மேலே சொன்ன டேபிளைக் கற்றுக்கொண்டதும் அடுத்து வரும் நோய் இது. அந்தப் பக்கம் பத்து வரி, இந்தப் பக்கம் பத்து வரி, ஆகவே முழு மதிப்பெண்.

வரி எவ்வளவு இருக்க வேண்டும், பொதுச் சொத்தை விற்கலாமா கூடாதா, இதிலெல்லாம் இரு தரப்புக்கும் சம இடம் கேட்பது நியாயம். அளந்து பார்க்கக்கூடிய விஷயத்தில் அது எடுபடாது. மேக்ஸ்வெல் பாய்காஃப், ஜூல்ஸ் பாய்காஃப் சகோதரர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வில், 1988 முதல் 2002 வரை நான்கு பெரிய அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்த புவி வெப்பமாதல் கட்டுரைகளில் 636ஐ எடுத்துப் பார்த்தார்கள். பாதிக்குச் சற்று மேற்பட்டவை, மனிதச் செயல்பாடே காரணம் என்பதற்கும் இயற்கையான ஏற்ற இறக்கம்தான் என்பதற்கும் ஏறத்தாழ சம எடை கொடுத்திருந்தன. அறிவியலாளர்களிடையே அப்படியொரு சம பிளவு இருக்கவில்லை. வரியை எண்ணினால் நடுநிலை, விஷயத்தைப் பார்த்தால் ஒரு பக்கத்துக்கு இலவச உதவி.

ஆகவே என் டேபிளில் கடைசியில் ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன்: "இது சரிபார்க்கக்கூடிய கூற்றா, நிருபர் சரிபார்த்தாரா?" ஒருவர் மழை பெய்கிறது என்கிறார், இன்னொருவர் இல்லை என்கிறார் என்று எழுதிவிட்டு ஜன்னலைத் திறக்காத நிருபருக்கு அந்தக் கட்டத்தில் பூஜ்யம்.

## தலைப்புக்காக நிருபரைத் திட்டுவது

தலைப்பைப் பெரும்பாலும் போடுவது டெஸ்க். தலைப்பு ஒரு கணக்கு, செய்தி ஒரு கணக்கு.

## உருக்கமான கதைக்கு விலக்கு

ஒரு குடும்பம், ஒரு கண்ணீர், ஒரு முகம். இதில் எங்கே அரசியல் என்று கேட்பார்கள். ஷாண்டோ ஐயங்கார் 1991இல் வெளியிட்ட ஆய்வுகளில், வறுமையைத் தனி மனிதரின் கதையாகப் பார்த்தவர்கள் பொறுப்பை அந்த மனிதர் மேலேயே சுமத்த முனைந்தார்கள். வறுமையைச் சமூகத்தின் பொதுவான போக்காகக் காட்டியபோது பொறுப்பு அரசையும் சமூகத்தையும் நோக்கித் திரும்பியது. உருகவைக்கும் கதை அரசைக் கேள்வி கேட்கும் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

கதை எழுதுவது தவறில்லை. ஒரே பிரச்சினையை ஒரு கட்சி ஆளும்போது புள்ளிவிவரத்தோடும், இன்னொரு கட்சி ஆளும்போது தனி மனிதர் கதையாகவும் ஒரு ஊடகம் எழுதுகிறதா என்பதைக் குறித்துக்கொண்டே வாருங்கள். அடைமொழியே இல்லாமல் சாயும் இடங்களில் இதுவும் ஒன்று.

## எண் பொய் சொல்லாது என்று நம்புவது

வேலையின்மை 5 சதவீதத்திலிருந்து 6 சதவீதமானால் "ஒரு சதவீதப் புள்ளி உயர்வு" என்றும் எழுதலாம், "20 சதவீதம் அதிகரிப்பு" என்றும் எழுதலாம். இரண்டும் சரி. எந்த ஆண்டிலிருந்து ஒப்பிடுகிறார்கள் என்பதையும் பாருங்கள். படுமோசமான ஒரு ஆண்டைத் தொடக்கமாக வைத்தால் எந்த ஆட்சியும் சாதனை ஆட்சிதான்.

## ரெடிமேட் தரவரிசை

ஒரு ஊடகத்துக்கு இடது, வலது என்று யாரோ ஒட்டிய லேபிளை அதன் ஒவ்வொரு செய்திக்கும் ஒட்டாதீர்கள். சாய்வைக் கண்டுபிடிக்க அந்த லேபிளை வைத்துப் பழக்கிய மென்பொருள், சாய்வை விட்டுவிட்டு இது எந்த ஊடகத்தின் நடை என்பதை மட்டும் கண்டுபிடிக்கப் பழகிவிடக்கூடும்.

## உள்நோக்கத்தையும் நாமே எழுதிவிடுவது

சாய்வைக் கண்டுபிடித்ததும் கை தானாக அடுத்த வரியை எழுதும்: "முதலாளியின் அரசியல் தொடர்பு காரணமாக..." டேபிளில் அப்படியொரு தகவலே கிடையாது. எதிர்த் தரப்பின் வரி எட்டாம் பத்திக்குப் போனதற்கு அவர்கள் போனை எடுக்காதது காரணமாக இருக்கலாம். செய்தி நிறுவனம் அனுப்பியதை அப்படியே போட்டிருக்கலாம். அறிவிப்பு இரவு வந்து, பக்கம் மூடும் நேரம் நெருங்கியிருக்கலாம். முதலாளியும் சொல்லியிருக்கலாம். எது என்று பக்கத்தைப் பார்த்தால் தெரியாது.

இவற்றில் சிலதை வெளியிலிருந்தே சோதிக்க முடியும். செய்தி நிறுவனத்தின் மூலப் பிரதியை எடுத்து, டெஸ்க்கில் எந்தப் பத்திகள் வெட்டப்பட்டன என்று ஒப்பிடலாம். நேரம்தான் போதவில்லை என்றால் மறுநாள் பதிப்பிலாவது எதிர்த் தரப்பின் வாதம் வந்திருக்க வேண்டும். வந்ததா, எந்தப் பக்கத்தில் வந்தது என்று பாருங்கள். அதற்கும் மேல் தெரிய வேண்டுமென்றால் அந்த ஊடகத்துக்கு எழுதிக் கேளுங்கள். பதில் வந்தால் அறிக்கையில் அப்படியே சேருங்கள், வராவிட்டால் கேட்ட தேதியைப் போட்டு 'பதில் இல்லை' என்று எழுதுங்கள்.